ஹெச்-இண்டெக்ஸைப் பார்த்து கைடைத் தேர்ந்தெடுக்கலாமா? (கிளினிக்கல் ஃபார்மகாலஜி)

கேள்வி: மருந்தியல்_மாணவி

வணக்கம். எம்.டி. ஃபார்மகாலஜி முடிகிற தறுவாயில் இருக்கிறேன். அடுத்து கிளினிக்கல் ஃபார்மகாலஜியில் பிஎச்.டி. என்று முடிவாகிவிட்டது, யாரிடம் சேர்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பேர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் வேண்டாம், ஆட்களை அடையாளம் காட்டுவது என் நோக்கம் இல்லை.

முதலாமவர் சார். கூகுள் ஸ்காலரில் அவர் பக்கத்தைத் திறந்தால் நானூறு பேப்பருக்கு மேல், ஹெச்-இண்டெக்ஸ் எழுபதைத் தாண்டி நிற்கிறது, சைட்டேஷன் (மற்றவர்கள் மேற்கோள் காட்டிய) எண்ணைச் சொல்லவே வேண்டாம். 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் வந்தார் என்று கல்லூரி வாசலில் பேனரே வைத்திருந்தார்கள். இரண்டாமவர் மேடம். அறுபது பேப்பர்கூட இருக்காது, ஹெச்-இண்டெக்ஸ் இருபதுக்குக் கீழே. ஆனால் அவர் எழுதியதை எடுத்து உட்கார்ந்தால் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: குழந்தைகளுக்குக் கொடுக்கும் காசநோய் மருந்துகள் இரத்தத்தில் போதிய அளவுக்கு ஏறுகின்றனவா, ஏறாவிட்டால் டோஸை எப்படி மாற்றுவது. படிக்கப் படிக்க எனக்கே அதில் வேலை செய்யத் தோன்றுகிறது.

வீட்டில் எல்லோரும் முதலாமவரிடம் போ என்கிறார்கள், என் சீனியர்களும் அப்படித்தான். எண்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இது நாலைந்து வருட வாழ்க்கை.

மறுமொழி: மருத்துவ_நூலகர்

முதலில் அந்த நானூறைப் பிரித்துப் பாருங்கள் அம்மா. ஸ்காலர் பக்கத்தில் சைட்டேஷன் வரிசையில் மேலே நிற்கும் பத்துப் பேப்பரைத் திறந்து, ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளோபல் பர்டன் ஆஃப் டிசீஸ் மாதிரியான கூட்டு ஆய்வுகளில் ஒரே பேப்பருக்கு நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் வாங்கும், அதில் தரவு கொடுத்தவர், வரைவைப் படித்துக் கருத்துச் சொன்னவர் என்று எல்லோர் கணக்கிலும் அந்த முழு எண்ணும் ஏறும். அது தவறு கிடையாது, அந்த உழைப்பும் தேவையானதுதான். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது அவர் தன் துறையில், தன் மாணவர்களோடு என்ன செய்தார் என்பது. முதல் ஆசிரியராக மாணவர், கடைசி ஆசிரியராக அவர் என்று இருக்கும் பேப்பர்களை மட்டும் தனியாக எடுத்து எண்ணுங்கள். நானூறு சில சமயம் முப்பதாகச் சுருங்கும், சில சமயம் இருநூறாகவே நிற்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எண். ஒருவருக்கு ஹெச் 20 என்றால் குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் 20 இருக்கிறது, அவ்வளவுதான் பொருள். அது ஏறுமே தவிர இறங்காது, வயது கூடக் கூடத் தானாக ஏறும். முப்பது வருடம் வேலை பார்த்தவரையும் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பெரிய எண் யாரிடம் இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா.

அப்புறம் நம்மூர்ப் பெயர்ச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். மருத்துவப் பேப்பர்களின் தேடுதளமான பப்மெட்டில் 'குமார் எஸ்' என்று தேடினால் இயற்பியல் முதல் கண் மருத்துவம் வரை அத்தனையும் வந்து விழும். ஸ்காலர் பக்கத்தை உரியவர் சரிபார்க்காமல் விட்டால் வேறொருவரின் பேப்பர்களும் சேர்ந்துகொள்ளும், அவருக்கே தெரியாது. அதனால் ஆர்சிட் எண் (ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் நிறுவனப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 2 சதவீதப் பட்டியலையும் பேனரோடு விட்டுவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் இயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்துப் போடுவது அது, எக்செல் கோப்பாக யாரும் இறக்கிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரே ஒரு ஆண்டுக்கு இன்னொரு பட்டியல் என்று இரண்டு உண்டு, எதில் பெயர் வந்தது என்று பேனரில் போட மாட்டார்கள். கோப்பில் தன் பேப்பரைத் தானே மேற்கோள் காட்டிய சதவீதத்துக்குத் தனிப் பத்தி இருக்கிறது, தனி ஆசிரியராகவும் முதல் அல்லது கடைசி ஆசிரியராகவும் எழுதியவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களும் தனித்தனியாக இருக்கின்றன. நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பாதி பதில் அந்த வரிசையிலேயே கிடைக்கும்.

மறுமொழி: டோஸ்_கணக்கு

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் நம் துறைக்கு மட்டும் உரிய ஒன்றைச் சொல்கிறேன். கிளினிக்கல் ஃபார்மகாலஜியில் சைட்டேஷன் எண் பெரிதாக வருவது பெரும்பாலும் கருவியாகப் பயன்படும் பேப்பர்களுக்குத்தான்.

ஒரு பக்கவிளைவு மருந்தால்தான் வந்ததா என்று மதிப்பிடும் நரஞ்சோ ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள், எம்.டி. படித்தவர் யாரும் அதைத் தொடாமல் வந்திருக்க முடியாது. 1981-இல் டொராண்டோவில் இருந்து நரஞ்சோவும் சகாக்களும் கிளினிக்கல் ஃபார்மகாலஜி அண்ட் தெரப்யூடிக்ஸ் ஜர்னலில் வெளியிட்டது. பத்துக் கேள்வி. மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா, ஒரு மதிப்பெண். திரும்பக் கொடுத்தபோது மறுபடி வந்ததா, இரண்டு. வேறு காரணம் இருக்கலாமா, இருந்தால் ஒன்றைக் கழி. கூட்டிப் பார்த்து 9-ம் அதற்கு மேலும் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம். உலகில் எந்த மூலையில் ஒரு நோயாளிக்கு மருந்தால் தோல் தடித்து யாராவது கேஸ் ரிப்போர்ட் எழுதினாலும் அந்தப் பேப்பருக்கு ஒரு சைட்டேஷன் விழும். அதனால் அது பல்லாயிரம் தொட்டது. எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மூலப் பேப்பரைத் திறந்து படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

எதிர்ப்பக்கம் காக்ராஃப்ட்-கால்ட், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று மதிப்பிடும் சூத்திரம். 1976, நெஃப்ரான் ஜர்னல், 249 நோயாளிகள், கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். 140-இல் வயதைக் கழித்து எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுப்பது, பெண்ணாக இருந்தால் 15 சதவீதம் குறைப்பது. அந்தப் பேப்பருக்கும் சைட்டேஷன் ஏராளம், ஆனால் அதன் உண்மையான பயன்பாட்டோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. இன்றைக்கு ராத்திரி எந்த ஐசியூவிலாவது அமிகாசின் டோஸைக் குறைக்கும் ரெசிடென்ட் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் குறைப்பார், எந்த ஜர்னலிலும் அது மேற்கோளாக ஏறாது. அதை எழுதிய காக்ராஃப்ட் பிற்பாடு ஆஸ்துமா ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார், அங்கேயும் பெரிய பெயர். அவர் ஸ்காலர் எண்ணை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு இந்த இரண்டு வாழ்க்கையும் ஒரே கூட்டுத்தொகையாகத்தான் தெரியும்.

இன்னொருவர் லூயிஸ் ஷைனர், சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலை. அவரும் ஸ்டூவர்ட் பீலும் சேர்ந்து உருவாக்கிய நான்மெம் மென்பொருள் இல்லாமல் பாப்புலேஷன் ஃபார்மகோகைனெடிக்ஸ் என்ற துறையே இன்றைய வடிவில் இருக்காது. ஒரு நோயாளியிடம் பத்துத் தடவை இரத்தம் எடுக்காமல், பல நோயாளிகளிடம் இரண்டு மூன்று தடவை மட்டும் எடுத்து டோஸைக் கணக்கிட முடிவது அதனால்தான். குழந்தைகளிடம் ஆய்வு செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசியுங்கள். ஆனால் நான்மெம் பயன்படுத்துகிறவர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் அதன் பயனர் கையேட்டை, ஜர்னல் பேப்பரை இல்லை. கையேட்டு மேற்கோள் எந்தக் கணக்கிலும் ஒழுங்காகச் சேராது.

உங்கள் இரண்டாவது மேடம் செய்கிற வேலை இந்த வழியில் வருவது. அங்கே அறுபது பேப்பர் குறைவே இல்லை. ஒவ்வொரு பேப்பருக்குப் பின்னாலும் பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, குழந்தைக்கு ஊசி குத்தி, சாம்பிளை ஐஸில் வைத்து லேபுக்கு ஓடிய மாதங்கள் இருக்கின்றன.

மறுமொழி: லேப்_முக்கியம்

எல்லோரும் சேர்ந்து அந்த சாரை ஒரு பக்கமாக ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிய எண் என்றாலே சந்தேகப்பட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் தவறான பாடம்.

பாங்காக்கில் மஹிடோல்-ஆக்ஸ்ஃபோர்ட் மலேரியா ஆய்வகத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் நிக்கோலஸ் வைட்டின் சைட்டேஷன் எண் மிகப் பெரியது, பேப்பர்களில் ஆசிரியர் கூட்டமும் பெரியது. அந்தக் குழுவின் 2005 லான்செட் ஆய்வில் கடும் மலேரியா வந்த 1,461 நோயாளிகள், வங்கதேசம், மியான்மர், இந்தியா, இந்தோனேசியா என நான்கு நாடுகள், இந்தியாவில் ஒடிசாவின் ரூர்கேலா. குவினைன் கொடுத்தவர்களில் 22 சதவீதம் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் கொடுத்தவர்களில் 15 சதவீதம். பிறகு ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் அதே கேள்வியைக் கேட்டு 2010-இல் வெளியிட்டார்கள், குவினைனில் இறப்பு 10.9 சதவீதம், ஆர்ட்டிசுனேட்டில் 8.5. அதன்பின் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கும் ஆர்ட்டிசுனேட்டையே பரிந்துரைத்தது. இதற்கு ஐம்பது பேர் சேர்ந்து உழைக்காமல் முடியாது, அத்தனை பேர் பெயரும் வரத்தான் வேண்டும்.

நம் ஊர் நிலவரத்தையும் பாருங்கள். டோஸ் ஆராய்ச்சிக்கு, இரத்தத்தில் மருந்தின் அளவை அளக்கும் எல்.சி.எம்.எஸ். இயந்திரம் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், ரீஏஜென்ட் தீர்ந்தால் மறுநாள் வாங்கப் பணம் வேண்டும். ஒரு சின்ன குழுவில் இயந்திரம் பழுதானால் சாம்பிள்கள் ஃப்ரீசரிலேயே மாதக்கணக்கில் கிடக்கும், உங்கள் தீசிஸும் அதோடு கிடக்கும். பெரிய எண் உள்ளவரிடம் பொதுவாக கிராண்ட் இருக்கும், வெளிநாட்டுத் தொடர்பு இருக்கும். நேரில் போய் லேபைப் பாருங்கள், இயந்திரம் யாருடையது, ஒரு சாம்பிளுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். மேடத்திடம் இந்த வசதி இல்லை என்றால் நான் சாரிடம்தான் போவேன், தயங்காமல்.

மறுமொழி: யாழ்_வைத்தியர்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன் தங்கச்சி. எங்கள் பக்கத்துக் கதை ஒன்று, உங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்தும்.

அலரி விதை நஞ்சு எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் பெரிய பிரச்சினையாகக் கிளம்பியது. சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 170 நோயாளிகளைப் பற்றி ஃபொரென்சிக் சயன்ஸ் இன்டர்நஷனல் ஜர்னலில் 1988-இல் எழுதினார்கள். நாலு பக்கக் கட்டுரை. ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் எதை எடுத்தாலும் அந்தக் கட்டுரையில் இருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் வேறு யாரும் அவ்வளவு நோயாளிகளைப் பார்த்து எழுதி வைக்கவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்த ஊரில் இருந்துகொண்டு குறிப்பெடுத்து அனுப்பியவர்கள் அவர்கள். அந்த உழைப்பு ஹெச்-இண்டெக்ஸில் ஒன்று என்றுதான் ஏறும்.

அதற்குப் பிறகு மைக்கேல் எடில்ஸ்டன் வந்தார், இப்போது எடின்பரோவில் கிளினிக்கல் டொக்சிகொலொஜி பேராசிரியர். 2000-இல் லான்செட்டில் அலரி நஞ்சுக்கு டிகொக்சின் எதிர்ப்பு மருந்து வேலை செய்கிறது என்று சிறிய ஆய்வு. 2003-இல் டி சில்வா குழு அதே லான்செட்டில், திரும்பத் திரும்ப கரித்தூள் கொடுத்தால் அலரி நோயாளிகளின் இறப்புக் குறைகிறது என்றது. 2008-இல் எடில்ஸ்டன் குழு எல்லா வகை நஞ்சும் சேர்த்து 4,632 பேரிடம் பார்த்துவிட்டு, கரித்தூளால் பெரிய பயன் இல்லை என்றது: திரும்பத் திரும்பக் கொடுத்தவர்களில் 6.3 சதவீத இறப்பு, கொடுக்காதவர்களில் 6.8. இரண்டுக்கும் மேற்கோள் நிறைய. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எண்ணிக்கை உங்களுக்கு இதில் எதுவும் சொல்லாது, இரண்டையும் பக்கத்தில் வைத்து நோயாளிகள் எவ்வளவு நேரம் கழித்து வந்தார்கள், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று வாசிக்கத்தான் வேண்டும். அப்படி வாசிக்கக் கற்றுத் தருகிற ஆளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

இன்னொன்று. இந்த ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலையில் ஆகப் பெரிய பலன் கட்டுரையிலே இல்லை. எந்தப் பூச்சிமருந்து ஆளைக் கொல்கிறது என்று வார்டில் இருந்து கணக்கு வந்துகொண்டே இருந்தது, அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-க்கும் 2005-க்கும் இடையில் இலங்கையின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது, கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்கு அதில் பெரிய பங்கு. உயிர் தப்பிய குடும்பங்கள் எந்த ஜர்னலையும் மேற்கோள் காட்டப் போவதில்லை.

மறுமொழி: மயக்கவியல்_கோவை

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது தரவையும் பாருங்கள். ஜப்பானில் யோஷிடாகா ஃபுஜி என்ற மயக்கவியல் மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்திக்கு கிரானிசெட்ரான் பற்றி வரிசையாக ஆய்வுகள் வெளியிட்டவர். 2000-இலேயே ஜெர்மனியில் இருந்து மூன்று மருத்துவர்கள் ஒரு ஜர்னலுக்குக் கடிதம் எழுதினார்கள், இந்தத் தரவு நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கிறது என்று. தலைவலி வந்தவர்கள் எண்ணிக்கை ஒவ்வொரு குழுவிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி. எந்த வார்டில் அப்படி வரும்? அதற்குப் பிறகும் அவர் பேப்பர்கள் வந்துகொண்டேதான் இருந்தன. 2012-இல் பிரிட்டனின் ஜான் கார்லைல் புள்ளியியல் கணக்குப் போட்டுக் காட்டினார், அதே ஆண்டு ஜப்பான் மயக்கவியல் சங்கம் 212 பேப்பர்களை ஆராய்ந்து 172-இல் போலித் தரவு என்று அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் அவற்றை நம்பி, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ்கள் வந்துவிட்டன, டோஸ் பற்றிப் பாடம் நடத்தியும் விட்டார்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு கைடுகளையும் அப்படிச் சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் (திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களின் பட்டியல்) இரண்டு பெயரையும் ஒருமுறை தேடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஒரு ரெட்ராக்‌ஷன் இருந்தாலே ஆள் மோசம் என்றும் முடிவு கட்டாதீர்கள், தவறு கண்டுபிடித்துத் தானே திரும்பப் பெற்றவர்களும் உண்டு, காரணத்தை வாசியுங்கள்.

மறுமொழி: மருந்தியல்_மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். சாரின் மேலே இருக்கும் பத்தில் எட்டு கூட்டு ஆய்வுகள், ஆனால் கீழே அவருடைய மாணவர்கள் முதல் ஆசிரியர்களாக எழுதியவை நிறையவே இருக்கின்றன, தலைப்புகள் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் ஓடுகின்றன. மேடத்தின் எல்.சி.எம்.எஸ். வேலை வேறொரு நிறுவனத்தில்தான் நடக்கிறது. என் பயம் ஒன்றுதான்: நாளைக்கு வேலைக்குப் போகும்போது தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் எண்ணைத்தானே பார்ப்பார்கள்? குழந்தைகள் டோஸ் என்று போனால் நாலு வருடத்தில் எனக்கு இரண்டு பேப்பர்தானே வரும்?

மறுமொழி: சேத்துப்பட்டு_ஓய்வு

காசநோய் என்று வந்ததால் எழுதுகிறேன் அம்மா. சென்னையில், அப்போது மெட்ராஸ், 1956-இல் காசநோய் கீமோதெரபி மையம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு எல்லாம் சேர்ந்து. நோயாளியை சானட்டோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாத்திரை சானட்டோரியத்தில். மெட்ராஸின் நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களோடு வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் 51-ஆம் பக்கத்தில் தொடங்கி 144-இல் முடிகிற கட்டுரை. அதன்பின் உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை சானட்டோரியத்தை விட்டு வெளியே வந்தது.

அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஆசிரியர் என்ற இடத்தில் மையத்தின் பெயரைத்தான் போடுகிறார்கள், காசநோய் கீமோதெரபி மையம், மெட்ராஸ் என்று. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே வேலை செய்த மருத்துவர்கள், வீடு வீடாகப் போன சுகாதாரப் பார்வையாளர்கள், மாத்திரை எண்ணியவர்கள், யாருடைய ஹெச்-இண்டெக்ஸிலும் அது ஏறாது. அதே மையத்தில்தான் காசநோய் மருந்தான ஐசோனியசிட்டைத் தென்னிந்திய நோயாளிகளின் உடல் எவ்வளவு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது என்று அளந்து 1961-இல் எழுதினார்கள், உங்கள் மேடம் இன்று கேட்கும் கேள்விக்கு அதுதான் வேர். சைட்டேஷன் எண் என்ற பழக்கமே வராத காலத்தில் செய்த வேலை இன்னும் நிற்கிறது.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குழுவில் எண் பார்ப்பார்கள். ஆனால் பதவி உயர்வு விதிகளில் ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம் எது என்பதும் கணக்கில் வருகிறது, நூறு பேரில் ஒருவராக இருக்கும் இருபது பேப்பரைவிட நீங்களே முதல் ஆசிரியராக இருக்கும் மூன்று பேப்பர் அங்கேயும் கைகொடுக்கும்.

மறுமொழி: மருத்துவ_நூலகர்

பெரியவர் சொன்னதோடு இரண்டு வேலை சேர்த்துச் செய்யுங்கள் அம்மா. ஐசைட் என்று அமெரிக்க என்.ஐ.ஹெச்.சின் இலவசத் தளம் இருக்கிறது. பப்மெட் எண்களை ஒட்டினால் ஒவ்வொரு பேப்பரும் அதே துறையில் அதே காலத்துப் பேப்பர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று காட்டும், 1 என்றால் என்.ஐ.ஹெச். நிதியில் வந்தவற்றின் நடுமட்டம். அதைவிட முக்கியம், நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் எத்தனை அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டின என்று தனியாகச் சொல்லும். மேடத்தின் பேப்பர்களை அதில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களின் இணையக் களஞ்சியம். கைடின் பெயரைப் போட்டால் அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ்கள் வரும், பல்கலைக்கழகம் ஏற்றியிருக்கும் அளவுக்கு. எப்போது முடித்தார்கள் என்று தேதி இருக்கும். அந்த மாணவர் பெயரை எடுத்து பப்மெட்டில் தேடி, தீசிஸில் இருந்து எத்தனை பேப்பர் அவர் பெயரில் முதலாவதாக வந்தது, படித்து முடித்த பின்னும் ஆராய்ச்சியில் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு கைடுகளுக்கும் இதைச் செய்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் இருவரிடமும் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள், தரவு யாருடையது, முதல் ஆசிரியர் இடம் மாணவருக்கு உறுதியா என்று. மேடம் பக்கம் சாய்ந்தால், எல்.சி.எம்.எஸ். நடக்கும் நிறுவனத்தில் இருப்பவரை கோ-கைடாகப் போட முடியுமா என்று பதிவு செய்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பதிவுக்குப் பிறகு கோ-கைடு சேர்ப்பது பல பல்கலைக்கழகங்களில் பெரிய அலைச்சல்.